மூன்று நிறம், ஒரே ருசி

2012ஆம் ஆண்டு. ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்ற வீடியோ கேம் வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதைத் தயாரித்த பயோவேர் நிறுவனத்தின் எட்மன்டன் அலுவலகத்துக்குப் பெட்டி பெட்டியாகக் கப் கேக் வந்து இறங்கியது. ஏறக்குறைய 400 இருக்கும். சிலவற்றின் மேல் சிவப்பு க்ரீம், சிலவற்றின் மேல் நீலம், மற்றவற்றில் பச்சை. கடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வெனிலா. அனுப்பியவர்கள் எதிரிகள் அல்ல, அந்த விளையாட்டை உயிராக நேசித்த ரசிகர்கள். மேல்பூச்சில்தான் வித்தியாசம், உள்ளே இருப்பதெல்லாம் ஒன்று என்று சொல்ல அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

விவகாரம் கேக்கோடு நிற்கவில்லை. முடிவை மாற்றக் கோரிய ரசிகர்கள், தங்களை வெறும் கூச்சல்காரர்கள் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்று குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்புக்குச் சுமார் 80,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் அமெரிக்காவின் வர்த்தக ஆணையத்திடமே புகார் கொடுத்தார். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கையில் கிடைத்தது வேறு என்பது அவருடைய வழக்கு.

படத்தின் முடிவு பிடிக்காவிட்டால் இயக்குநரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ஒரு விளையாட்டின் கடைசிப் பத்து நிமிடத்துக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? இந்தக் கோபத்தை ஆராய்ந்தால், மனிதர்கள் ‘சுதந்திரம்’ என்று எதை உணர்கிறார்கள் என்ற பெரிய கேள்விக்கே ஒரு வாசல் திறக்கிறது.

மேசையில் பிறந்த ஆசை

ரோல்-பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., திரையில் பிறந்தது அல்ல. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். மேசை, தாள், பென்சில், பல முகங்கள் கொண்ட பகடைகள், அவ்வளவுதான் கருவி. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள்.

“கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது, காவலன் ஒருவன் நிற்கிறான்” என்கிறார் மாஸ்டர். ஒருவர் கதவை உடைக்கப் பார்க்கலாம். இன்னொருவர் சுவரேறிக் குதிக்கலாம். மூன்றாமவர், “நான் அவன் மச்சான் என்று சொல்லிப் பார்க்கிறேன்” என்பார். இப்படி ஒருவர் சொல்வார் என்று எந்த விதிப்புத்தகமும் எதிர்பார்த்திருக்காது. மாஸ்டர் சற்று யோசித்து, பகடையை உருட்டச் சொல்லி, கதையை அந்தப் பக்கம் திருப்புவார். அதுவரை பெயரே இல்லாத காவலனுக்கு அந்த இடத்திலேயே ஒரு பெயரும் ஓர் அக்காவும் முளைத்துவிடுவார்கள்.

கணினி ஆர்.பி.ஜி. இந்த மேசையின் வாரிசு. விதிகள் வந்தன, பகடை வந்தது, பூதங்களும் புதையலும் வந்தன. நடத்துபவரின் மூளையை மட்டும் டிஸ்கில் அடைக்க முடியவில்லை. “நான் இவன் மச்சான்” என்ற பதிலைத் திரையில் பார்க்க வேண்டுமானால், அதை ஓர் எழுத்தாளர் முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்க வேண்டும். வாரிசுக்கு ஆசை மட்டும் முழுசாகக் கைமாறியது, அதைத் தீர்க்கும் வழி கைமாறவில்லை. இந்த வகை விளையாட்டுகளின் ஐம்பது ஆண்டுச் சரித்திரமே இந்த இடைவெளியைச் சமாளித்த கதைதான்.

ஜப்பான் அதைத் தன் வழியில் சமாளித்தது. 1986இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’டில் ஓர் இளவரசி, தன்னையும் உடன் அழைத்துப் போவாயா என்று நாயகனைக் கேட்பாள். ‘முடியாது’ என்று தேர்ந்தெடுத்தால் அதே கேள்வியை மறுபடி கேட்பாள். மறுபடி மறுத்தால் மறுபடி கேள்வி. சம்மதிக்கும்வரை விடமாட்டாள். 1997இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ இன்னும் துணிந்தது. ஆட்டக்காரர்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த ஏரித் என்ற பெண்ணைப் பாதிக் கதையிலேயே சாகடித்தது. என்ன செய்தாலும் தடுக்க முடியாது. அவளை உயிர்ப்பிக்க ரகசிய வழி ஏதும் இருக்கிறதா என்று பல காலம் தேடியவர்கள் உண்டு. ஆனால் யாரும் கேக் அனுப்பவில்லை. நாவல் படிப்பது போல வா என்றுதான் அந்த விளையாட்டு அழைத்திருந்தது. கதை உன் கையில் என்று அது ஒரு நாளும் சொல்லவில்லை.

மாஸ் எஃபெக்ட் சொன்னது. 2007இல் தொடங்கிய அந்த மூன்று பாகக் கதையின் நாயகர் ஷெப்பர்ட் என்ற விண்வெளிப் படை அதிகாரி. ஆணா பெண்ணா, முகம் எப்படி, பிறந்து வளர்ந்தது எங்கே என்பதெல்லாம் ஆட்டக்காரரின் முடிவு. முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைப் பகைத்துக்கொண்டீர்கள் என்ற விவரமெல்லாம் ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் ஃபைலில் ஏறி அடுத்த பாகத்துக்கும் வரும். முடிவுகளை ஏ, பி, சி என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குத் தேர்வுகள் பின்னிப் பிணைந்திருக்கும் என்ற தொனியில் வெளியீட்டுக்கு முன் பேச்சும் இருந்தது. ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் மூன்று வழிகள் கிடைத்தன. எதில் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சி. வெடிப்பின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை.

கணக்கு இடம் கொடுக்காது

எழுதியவர்களின் சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கணக்கு அப்படி. ஒரு கதையில் பத்து இடங்களில் இரண்டிரண்டு வழிகள் பிரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரிவும் உண்மையாகவே தனி வழியில் போனால், கடைசியில் 1,024 கதைகள் எழுத வேண்டும். இருபது இடங்கள் என்றால் 10,48,576. பெரிய ஆர்.பி.ஜி. ஒன்றில் நூற்றுக்கணக்கான தேர்வுகள் வரும். ஒவ்வொரு வசனத்துக்கும் நடிகர் குரல் கொடுக்க வேண்டும், முகம் அசைய வேண்டும், ஒளி அமைக்க வேண்டும். 2015இல் வந்த ‘ஃபால்அவுட் 4’க்கு 1,10,000க்கும் மேற்பட்ட வசன வரிகள் பதிவாயின. அதுவும் ஒரே மையக் கதைக்கு.

அதனால் எல்லா எழுத்தாளர்களும் கையாளும் உத்தி ஒன்று உண்டு. ஆறு ஒரு திட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, சற்றுத் தூரத்தில் மறுபடி ஒன்றாவதுபோலக் கதையைப் பிரித்துச் சேர்த்துவிடுவது. 2012இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டின் முதல் அத்தியாயத்தில் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் அவர் மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துவிடுவார். அதன் பிறகு எழுத்தாளருக்குச் சுமை ஒன்றுதான்.

இதைக் கண்துடைப்பு என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பிரிந்து சேரும் வழியில் என்ன நடக்கிறது, சேர்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் வித்தை. அதற்கு மிக நல்ல உதாரணம், வசவு வாங்கிய அதே மாஸ் எஃபெக்டில் இருக்கிறது.

க்ரோகன் என்று ஒரு போர்க்குடி. அவர்களின் பெருக்கத்துக்குப் பயந்த மற்ற இனங்கள், குழந்தைகள் அநேகமாகப் பிழைக்காதபடி ஒரு நோயை அவர்கள் உடம்பில் ஏற்றிவிட்டன. ரெக்ஸ் என்ற க்ரோகன் வீரன் ஷெப்பர்டின் கூட்டாளி. முதல் பாகத்தில், அந்த நோய்க்கு மருந்து இருக்கும் இடத்தையே அழிக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. ரெக்ஸ் துப்பாக்கியைத் தூக்குகிறான். பேசி அமைதிப்படுத்தலாம். முடியாவிட்டால் அவன் அங்கேயே சுட்டுக் கொல்லப்படுவான்.

கொல்லப்பட்டால் கதை நின்றுவிடுவதில்லை. அடுத்த பாகங்களில் ரெக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய சகோதரன் ரீவ் இருக்கிறான். அதே பதவி, அதே போர், அதே சம்பவங்கள். எழுத்தாளர் நோக்கில் பார்த்தால் ஓர் ஆளுக்கு மாற்று ஆள். ஆனால் ரெக்ஸ் தன் குலத்தைத் திருத்த நினைப்பவன், ரீவ் பழிவாங்கத் துடிப்பவன். மூன்றாம் பாகத்தில் மருந்தைப் பரப்புவதா, பரப்புவதுபோல் நடித்துக் கெடுத்துவிடுவதா என்ற தேர்வு வருகிறது. எதிரே ரெக்ஸ் நின்றால் துரோகம் செய்யக் கை வராது. ரீவ் நின்றால், இவனிடம் ஒரு பெரும்படையைக் கொடுக்கலாமா என்று யோசிக்கத் தோன்றும். ரெக்ஸையே ஏமாற்றத் துணிந்தவர்களுக்கோ கணக்குத் தீர்க்கும் நாள் பின்னால் வருகிறது. உண்மை தெரிந்து அவன் நேரில் வந்து நிற்பான். அப்போது பேச்சு எடுபடாது, பழைய நண்பனைக் கொன்றே ஆக வேண்டும்.

திரையில் தோன்றும் பொத்தான்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த ஒரு முடிவு, அவற்றை அழுத்தும் விரலின் கனத்தை மாற்றிவிடுகிறது. ரசிகர்கள் கடைசிக் காட்சியில் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

ஆசையும் அனுமதியும்

இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. ஊடாடும் நாடகங்களை ஆராய்ந்த மைக்கேல் மட்டீயஸ் 2001இல் முன்வைத்தது. ஒரு விளையாட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. கதையின் மூலம் நம் மனதில் ‘இப்படிச் செய்யலாமே’ என்ற ஆசையைக் கிளப்புகிறது. கருவிகளின் மூலம் சிலவற்றைச் செய்ய அனுமதிக்கிறது. இரண்டும் பொருந்தினால் நாம் சுதந்திரமாக இருப்பதாக உணர்கிறோம். ஆசையைக் கிளப்பிவிட்டு அனுமதி மறுத்தால் கையைக் கட்டிப்போட்டதாக உணர்கிறோம். நூறு அனுமதிகள் இருந்தும் எதற்கும் காரணம் இல்லாவிட்டால், எங்கே போவது என்று தெரியாமல் சலித்துப் போகிறோம். ஆக, வழிகளின் எண்ணிக்கையை வைத்துச் சுதந்திரத்தை அளக்க முடியாது.

இதை வேறொரு கோணத்தில் சோதித்தவர்கள் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கேக் வந்த அதே 2012ஆம் ஆண்டில் வெளியானது அவர்களின் ஆய்வு. எழுத்து வடிவில் ஒரு சிறு சாகசக் கதையை மூன்று விதமாகத் தயாரித்தார்கள். முதல் வகையில் தேர்வுக்கு ஏற்பக் கதை உண்மையாகவே பிரியும். இரண்டாவதில் கதை பிரியாது, ஆனால் ‘நீ இதைத் தேர்ந்தெடுத்தாய், அதனால் இப்படி’ என்று ஒரு வரி பதிலாக வரும். மூன்றாவதில் கதையும் பிரியாது, பதிலும் வராது. விளையாடியவர்களிடம், கதை உங்கள் கையில் இருந்ததாகத் தோன்றியதா என்று கேட்டார்கள். முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்றாம் வகை மட்டும் தெளிவாகப் பின்தங்கியது. மனிதருக்குத் தனிப்பாதை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தான் செய்தது காதில் விழுந்தது என்ற அடையாளம் வேண்டும்.

மாஸ் எஃபெக்ட் பிரச்சினை ஓரளவு தணிந்ததும் இந்த வழியில்தான். 2012 ஜூனில் பயோவேர் இலவசமாக ஒரு நீட்டிப்பை வெளியிட்டது. மூன்று முடிவுகளையும் தூக்கிப்போடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு உலகம் என்னவாயிற்று, உடன் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லும் காட்சிகளைச் சேர்த்தது. மூன்றையும் மறுத்துவிடும் வாய்ப்பையும் கொடுத்தது. மறுத்தால் எல்லோரும் அழிவார்கள் என்பது வேறு விஷயம். எல்லோரும் சமாதானம் ஆகவில்லை என்றாலும், கூச்சல் குறைந்தது.

ஆனால் அந்த ஆய்வு தொடாத ஒரு சிக்கல் இன்றைக்கு உண்டு. ஒரு தடவை மட்டும் விளையாடுபவருக்கு மாயை கலையாது. இப்போது நாலு பேர் விளையாடியதை யூடியூபில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். மூன்று முடிவுகளும் ஒன்றுபோல் இருப்பதை ரசிகர்கள் நிரூபித்ததும் அப்படித்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தங்கள் கதைக்கு மாற்றுப் பிரதி ஒன்று இருப்பதே தெரியாது.

நான் யார்?

கதை எங்கே போகும் என்பது பாதிச் சுதந்திரம். அதில் போகும் நான் யார் என்பது மறுபாதி. 1997இல் வந்த முதல் ‘ஃபால்அவுட்’ இதில் விளையாட்டாகவே ஒரு சாதனை செய்தது. பாத்திரத்தை உருவாக்கும்போது புத்திசாலித்தனத்துக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தால், நாயகனுக்கு முழு வாக்கியம் பேச வராது. முனகுவான், உறுமுவான். ஊர்க்காரர்களும் அதற்கேற்ப நடத்துவார்கள். 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில், மந்தபுத்திக்காரன் என்று ஊர் ஒதுக்கிய டோர் என்ற மாட்டுக்காரன் இருக்கிறான். அதே மந்தபுத்தி நாயகன் அவனோடு பேசினால், இருவரும் இரண்டு பேராசிரியர்கள் மாதிரி உரையாடுவார்கள். தாளில் எழுதிய ஓர் எண்ணை உலகம் இவ்வளவு பொருட்படுத்துகிறதே என்று ஆட்டக்காரர்கள் சொக்கிப்போனார்கள்.

அதே தொடரின் நான்காம் பாகம் ஏமாற்றியது. நாயகருக்கு முதல் முறையாக நடிகரின் குரல். பேசும்போது நாலே தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் குறிப்பு. ‘கிண்டல்’ என்று அழுத்தினால் நாயகர் என்ன சொல்லித் தொலைப்பார் என்பது அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். முழு வாக்கியத்தையும் முன்கூட்டியே காட்டும் ஒரு மாற்றத்தை ரசிகர்களே எழுதி வெளியிட்டார்கள். போதாக்குறைக்கு, காணாமல் போன கைக்குழந்தையைத் தேடும் பெற்றோர் என்ற பாத்திரத்தைக் கதை தலையில் கட்டியது. பரந்த உலகமோ, வா, வீடு கட்டு, ஊர் சுற்று என்று அழைத்தது. பிள்ளையைத் தொலைத்தவர் நாற்பது மணி நேரம் வேலி அடித்துக்கொண்டிருப்பாரா? உரையாடல் முறை எடுபடவில்லை என்று தயாரிப்பாளர் டாட் ஹோவர்டே பின்னர் ஒப்புக்கொண்டார். அவருடைய நிறுவனத்தின் பெரிய ஆர்.பி.ஜி.யான ‘ஸ்டார்ஃபீல்ட்’ 2023இல் வந்தபோது நாயகர் மறுபடி குரலற்றவராகிவிட்டார்.

அப்படியானால் நாயகர் வெற்றுப் பாத்திரமாகவே இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. ஃபால்அவுட் 4 வந்த அதே 2015இல் ‘தி விட்சர் 3’ வந்தது. நாயகன் கெரால்ட், போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷே சப்கோவ்ஸ்கியின் கதைகளில் ஏற்கெனவே வாழ்ந்தவன். பெயர், முகம், வயது, காதல்கள் எல்லாம் தீர்மானமானவை. அவனாக விளையாட முடியாது என்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. முதல் காட்சியிலேயே, இவன் இப்படிப்பட்டவன் என்று விளையாட்டு நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. பிறகு அந்த எல்லைக்குள் கனமான தேர்வுகளைக் கொடுக்கிறது. ஒரு மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியை விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள். ஆனால் வெகுநேரம் கழித்து, வேறோர் இடத்தில், ஒரு பெண் இறந்து அவள் கணவன் தூக்கில் தொங்குவது அதன் பலன் என்று புரியும். அதற்குள் பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பிப் போகும் தூரத்தை எல்லாம் கடந்துவிட்டிருப்போம்.

கொம்பு கொடுத்தும் பக்கத்து வீட்டு முகம்

இவ்வளவு சுதந்திரம் கேட்பவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள்? பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லேரியன் ஸ்டுடியோஸ் 2020 அக்டோபரில் ‘பால்டர்ஸ் கேட் 3’ஐ முடிவதற்கு முன்பே விளையாடக் கொடுத்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரங்களுக்கு உருவாக்கிய முகங்களிலிருந்து அதிகம் தேர்ந்தெடுக்கப்பட்ட அம்சங்களைச் சேர்த்துப் பார்த்தால், கிடைத்தது வெகு சாதாரணமான ஒரு வெள்ளைக்கார இளைஞன். பேய்க்கண், கொம்பு, வால் எல்லாம் கொடுத்தோமே என்று நிறுவனம் பகிரங்கமாகச் செல்லக் கோபம் கொண்டது. மாஸ் எஃபெக்டில் பணியாற்றிய வடிவமைப்பாளர் ஒருவர் 2020இல் சொன்னதும் இதே ரகம். ஆட்டக்காரர்களில் சுமார் 92 சதவீதம் பேர் நல்லவர் வழியிலேயே போனார்களாம். முரட்டு வழிக்காகப் பாடுபட்டு எழுதிய காட்சிகளைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அப்படியென்றால் அந்த உழைப்பு வீணா? 1985இல் விளையாட்டு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கேரியட் இதற்குப் பதில் கண்டுவிட்டார். தன் முந்தைய விளையாட்டுகளில் மக்கள் கொள்ளையும் கொலையும் செய்து ஜெயித்ததை ரசிகர் கடிதங்களில் படித்து அறிந்தவர், ‘அல்டிமா 4’ஐ எட்டு அறங்களின் மேல் கட்டினார். அதில் மூலிகை விற்கும் கண் தெரியாத பெண்கள் வருவார்கள். விலையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு தருகிறாய் என்று கேட்பார்கள். ஒற்றை நாணயத்தைக் கொடுத்தாலும் சரக்கு கிடைக்கும். யாரும் தடுக்க மாட்டார்கள், எந்த எச்சரிக்கையும் வராது. உள்ளே எங்கோ உங்கள் நேர்மையின் அளவு மட்டும் குறையும். பல மணி நேரம் கழித்து, அறவோனாக ஆகும் கட்டத்தில் அது வந்து வழிமறிக்கும்.

இதற்குக் கிளைக்கதை ஒன்றுகூட எழுத வேண்டியிருக்கவில்லை. ஓர் எண்ணை நினைவில் வைத்திருந்தால் போதும். ஏமாற்ற முடியாத கடையில் சரியான காசு கொடுப்பது வெறும் வியாபாரம். ஏமாற்ற முடிகிற கடையில் கொடுக்கும்போதுதான் அது குணமாகிறது. யாரும் நடக்காத தீய வழியும் அப்படித்தான் வேலை செய்கிறது. அது திறந்து கிடப்பதால்தான் 92 சதவீதம் பேரின் நன்மைக்கு அர்த்தம் வருகிறது.

2023 ஆகஸ்டில் முழுதாக வெளியான பால்டர்ஸ் கேட் 3 அந்த ஆண்டின் உயர்ந்த விருதுகளை அள்ளியது. முடிவில் 17,000 வேறுபாடுகள் என்று நிறுவனம் அறிவித்தது. சின்னச் சின்ன மாற்றங்களின் சேர்க்கைகளை எல்லாம் எண்ணினால் வரும் தொகை அது, தனித்தனியான 17,000 கதைகள் அல்ல. அவ்வளவு இருந்தும் ஆட்டக்காரர்களுக்கு ஒரு குறை இருந்தது. உடன் அலைந்த நண்பர்கள் பிறகு என்ன ஆனார்கள்? நவம்பர் இறுதியில் வந்த புதுப்பிப்பில் லேரியன் பதில் சொன்னது. ஆறு மாதம் கழித்து எல்லோரும் பழைய முகாமில் கூடும் ஒரு விருந்துக் காட்சி. பதினொரு வருடம் முன்பு பயோவேரிடம் கேட்டதையேதான் இங்கேயும் கேட்டார்கள், அதையேதான் பெற்றார்கள்.

இனி வருவது செயற்கை நுண்ணறிவின் காலம். 2019இலேயே ‘ஏஐ டன்ஜன்’ என்ற விளையாட்டு, எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்யுங்கள், கதை தொடரும் என்றது. தொடரவும் செய்தது. “நான் இவன் மச்சான்” என்ற வரிக்குக் கடைசியில் ஓர் இயந்திரம் பதில் சொன்னது. ஆனால் சற்று நேரத்தில் காவலன் யார் என்பதே அதற்கு மறந்துவிடும். செத்தவன் எழுந்து பேசுவான். முன்பு பதில்களுக்குப் பஞ்சம் இருந்தது, இப்போது பதில்கள் கொட்டிக் கிடக்கின்றன. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படும் உலகம்தான் அரிதாகிவிட்டது. இயந்திரங்களின் நினைவாற்றல் வளர்ந்துகொண்டே வருகிறது. என்றாலும், நினைவில் நிற்கும் ஆயிரம் செய்திகளில் எது ஆட்டக்காரரை உறுத்தும், எதை எப்போது எடுத்து நீட்ட வேண்டும் என்பது வெறும் நினைவாற்றல் அல்ல, கதாசிரியரின் புத்தி.

ஆகவே அடுத்த முறை ஓர் ஆர்.பி.ஜி.யின் விளம்பரத்தில் இத்தனை லட்சம் வசனம், இத்தனை ஆயிரம் முடிவு என்று எண்கள் வந்தால் மயங்க வேண்டாம். விளையாட்டு தொடங்கிய முதல் மணி நேரத்தில், அதிகம் முக்கியமில்லாத யாரோ ஒருவரிடம் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தப் பொய் அடுத்த ஊரில் உங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தால், போட்ட காசு வீண் போகாது.